துரையின் இங்கிலீஷ்

போன் வந்தபோது வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

அண்ணி ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். விடுதிகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுப்பது அவள் வேலை. தைத்தது ஒரு பக்கம், தைக்காதது ஒரு பக்கம் என்று துணி இரண்டு குன்றாகக் கிடக்கும். நடுவில் அவள் தலை மட்டும் தெரியும். அப்பா சுவரில் சாய்ந்து ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். வெளியே தூறல். துரை ஆபீஸுக்குக் கிளம்பி வாசலில் குடையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துரை என்பது வைத்த பேரல்ல, விழுந்த பேர். லாரி ஆபீஸில் பையன் போனில் இங்கிலீஷ் பேசுகிறான் என்று தெரிந்ததும் அப்பா கிண்டலுக்குக் கூப்பிட்டார். டிரைவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சொந்தப் பேர் இப்போது ஓட்டுப் போடும்போதுதான் வெளியே வருகிறது.

"அங்கேர்ந்துதான்," என்றான் போனைப் பார்த்து.

மெஷின் நின்றது.

அண்ணன் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருந்தான். உயரக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். சாரம் சரிந்து இரும்புத் தகடு வலது காலில் விழுந்துவிட்டது என்று கூட வேலை பார்க்கிற ஒருவன்தான் முதலில் சொன்னான். ஆஸ்பத்திரி எங்கோ ஊரின் அந்தக் கோடி, எங்களுக்கு லீவு தர மாட்டேன் என்கிறார்கள், இனிமேல் டாக்டரே பேசுவார்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். அதிலிருந்து அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு என்ன சாப்பிட்டோம் என்று கேட்டார்.

துரை குடையைக் கீழே வைத்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றான். தமிழ் உட்கார்ந்தபடி வரும் அவனுக்கு. இங்கிலீஷுக்கு நிற்க வேண்டும்.

"ஹலோ, குட் மார்னிங், ஹௌ மே ஐ ஹெல்ப் யூ?"

அந்தப் பக்கம் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஒரு பெண்குரல் டாக்டர் என்று சொல்லிக்கொண்டது. நீங்கள் தம்பியா என்று கேட்டது, மெதுவாக. இங்கிலீஷ் வருமா என்றும் கேட்டது.

"ஆஃப்கோர்ஸ், டாக்டர். ப்ளீஸ் கோ அஹெட்."

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாகப் பேசுகிறவனிடம் எதற்கு மெதுவாகப் பேச வேண்டும்? டாக்டர் வேகம் எடுத்தாள். அவள் ஊர் உச்சரிப்பு வேறு. சொற்கள் சரளைக்கல் லாரியின் பின்கதவைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டின. லெக் என்பது கிடைத்தது. இன்ஃபெக்ஷன் கிடைத்தது. பிளட் கிடைத்தது. மற்றதெல்லாம் காதோரம் உருண்டு போயிற்று.

"யெஸ், டாக்டர். நோட்டட், டாக்டர்."

டாக்டர் நிறுத்தினாள். கடைசியில் குரல் மேலே போயிருந்தது. அப்படியென்றால் கேள்வி. என்ன கேள்வி என்று தெரியவில்லை. அப்பா மெல்லுவதை நிறுத்தியிருந்தார். அண்ணி வாயில் குண்டூசியோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப்ளீஸ் ப்ரொசீட், டாக்டர்," என்றான். "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்."

டாக்டர் இன்னொரு தரம் கேட்டாள். இது புரிந்தது. சொன்னதெல்லாம் புரிந்ததா என்று கேட்டாள்.

"ஹண்ட்ரட் பர்சன்ட், டாக்டர்."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"ஆபரேஷன் பண்றாங்களாம். கால்ல."

"பெருசா?"

"சின்னதுதான்பா. புண்ணைச் சுத்தம் பண்ணணுமாம். சீழ் வச்சிருக்கு போல."

அண்ணி வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். "போலன்னா?"

"வச்சிருக்கு அண்ணி. இன்ஃபெக்ஷன்னு சொன்னாங்க."

"எப்ப பண்றாங்களாம்?"

அது அவனுக்குத் தெரியாது. "இன்னிக்கே," என்றான்.

"இவ்வளவு நேரம் பேசினாங்களே, இவ்வளவுதானா?"

"டாக்டருங்க எல்லாத்தையும் நீட்டி முழக்குவாங்க அண்ணி. விஷயம் இத்துனூண்டுதான்."

"அவர்கிட்ட பேச முடியாதா?"

"மயக்கத்துல இருப்பாரு. சாயங்காலம் நானே போட்டுத் தர்றேன்."

"துரை பேசினா அவனவன் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லுவான்," என்றார் அப்பா. கிண்டல்தான். ஆனால் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அடுத்த ரொட்டியை எடுத்து நனைத்தார்.

அண்ணி ஊசியில் நூலைக் கோத்தாள். "சுத்தம் பண்ணினாச் சரியாயிடும்ல?"

"ஆயிடும் அண்ணி."

மெஷின் ஓட ஆரம்பித்தது. தெருமுனை திரும்பும்வரை அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டது.

லாரி ஆபீஸ் தகரக் கூரை போட்டது. மழை பெய்தால் உள்ளே கத்தித்தான் பேச வேண்டும். முன்னால் களிமண் மைதானத்தில் டிரெய்லர்கள் நின்றன. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரை ஒரு கிளீனர் கம்பால் குத்தி வடித்துக்கொண்டிருந்தான். டிரைவர்கள் ஒரு டிரெய்லருக்கு அடியில் அட்டை விரித்துப் படுத்திருந்தார்கள். டீசலும் ஈரமும் கலந்த நாற்றம்.

துரை அங்கே மூட்டை ஏற்றுகிறவனாகத்தான் சேர்ந்தான். போன் எடுக்கிற கிளார்க் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் கிட்டப் போகவில்லை. துரை எடுத்தான். கிளார்க் என்ன சொல்வார் என்று அவனுக்கு மனப்பாடம். அதையே சொன்னான். எதிர்ப்பக்கம் கம்பெனிக்காரர் திருப்தியாக வைத்துவிட்டார். முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கிளார்க்கின் நாற்காலியைத் துடைக்கச் சொன்னார்.

அந்த வேலையின் நுணுக்கம் ஒன்றுதான். சரக்கு எங்கே என்று கேட்டால் முதலில் பதில் சொல்லிவிட வேண்டும். பதிலைப் பிறகு தேடிக்கொள்ளலாம். "ஆன் த வே, சார். ஷார்ட்லி ரீச்சிங்," என்று சொல்லி வைத்துவிட்டு, மறு போனில் டிரைவரைப் பிடித்து, எங்கேடா கிடக்கிறாய் என்று கேட்பது. அவன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பான். அல்லது தூங்கிக்கொண்டிருப்பான். திட்டிக் கிளப்பினால் மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். காலையில் சொன்ன பொய்யை லாரி ஓடி உண்மையாக்கிவிடும். இத்தனை வருஷத்தில் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை.

"போன்ல சும்மா இருக்கக் கூடாது," என்பார் முதலாளி. "ஒரு நிமிஷம் சும்மா இருந்தா அவன் வேற லாரிக்குப் போயிடுவான். பதில் இல்லைன்னாலும் குரல் இருக்கணும்."

துரையிடம் குரல் இருந்தது.

அன்றும் போன்கள் வந்தன. துரை நின்றபடி பேசினான். ஒரு கம்பெனிக்காரர், பெட்டிகளில் ஒன்று நசுங்கியிருப்பதாகவும் அதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை இறக்கும்படியும் சொன்னார். ரிமூவ் த டேமேஜ்ட் ஒன் என்றார்.

"நோட்டட், சார்," என்று வைத்தான்.

வைத்த பிறகும் அந்தச் சொல் போகவில்லை. ரிமூவ். காலையிலும் வந்தது. ஒரு தரம் இல்லை, இரண்டு மூன்று தரம். டாக்டர் ஒவ்வொரு தரமும் அதை அழுத்திச் சொன்னாள். அப்போது உருண்டு போனது இப்போது தானாகத் திரும்பி வந்து நின்றது.

சீழையும் ரிமூவ்தான் பண்ணுவார்கள் என்று சொல்லிக்கொண்டான். நாற்காலியில் உட்கார்ந்தான். கூடவே வந்த இன்னொரு சொல்லும் நினைவுக்கு வந்தது. லைஃப். சேவ் ஹிஸ் லைஃப். சீழ் எடுப்பதற்கு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

முதலாளி பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, போன்ல ஒருத்தர் பேசுறது புரியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"எனக்கு எதுதான் புரியுது. அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கேன்."

"எனக்கே புரியலைன்னா?"

"புரியலைன்னு நீ என்னைக்காவது சொல்லியிருக்கியா?"

"இல்லை."

"அப்பப் புரியுதுன்னுதானே அர்த்தம்." முதலாளி சிரித்தார். அவன் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்துக் குச்சியை எடுத்தார். "என்னடா?"

"அண்ணனுக்கு ஆபரேஷன். டாக்டர் கேட்டாங்க. சரின்னு சொல்லிட்டேன்."

"நல்லதுதானே."

"எதுக்குச் சரின்னு சொன்னேன்னு தெரியலைண்ணே."

மழை தகரத்தில் அடித்தது. முதலாளி குச்சியைக் கீழே போட்டார்.

"திரும்பப் போட்டுக் கேளு."

"புரிஞ்சுதுன்னு சொன்னியேன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே. அது என்ன கன்டெய்னரா, சாயங்காலம் பார்த்துக்கலாம்கிறதுக்கு?"

துரை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஆட்கள் இல்லாத டிரெய்லர் ஒன்றின் ஓரமாக ஒதுங்கி, சக்கரத்தில் சாய்ந்து நின்று, காலையில் வந்த நம்பருக்குப் போட்டான்.

ஆபரேட்டர் எடுத்தாள். அவன் அண்ணன் பேர், எலும்புப் பிரிவு, அவசரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். இதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. உடனே மாற்றிவிட்டாள். பாட்டு ஓடியது. ஒரு நர்ஸ் வந்தாள்.

உங்கள் கன்சென்ட் காலையிலேயே வாங்கியாயிற்று, ஆபரேஷனுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றாள். கன்சென்ட் அவனுக்குத் தெரிந்த சொல். சரக்குக்காரனின் கன்சென்ட் இல்லாமல் கன்டெய்னர் சீலை உடைக்கக் கூடாது. உடைத்தால் கம்பி எண்ண வேண்டும்.

வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள் நர்ஸ்.

கேட்க வேண்டியது தொண்டையில் இருந்தது. ஆனால் அதற்கு இங்கிலீஷ் தயாராக இல்லை. தயாராக இருந்தது வேறு ஒன்று. அது தானாக வெளியே வந்தது.

"நோ, தட்ஸ் ஆல். தேங்க் யூ வெரி மச். ஹேவ் எ குட் டே."

நர்ஸ் வைத்துவிட்டாள்.

துரை போனைக் கையில் வைத்துக்கொண்டு சக்கரத்தோடு சக்கரமாக நின்றான். பிறகு முதலாளியிடம்கூடச் சொல்லாமல், குடையையும் எடுக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தான். நடை கொஞ்ச தூரத்தில் ஓட்டமாயிற்று.

அண்ணி தைத்து முடித்த உறைகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு மூலையில் கண்ணை மூடியிருந்தார். அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம்.

"என்ன சீக்கிரமே? தலையெல்லாம் நனைஞ்சிருக்கு. துண்டு அங்க கெடக்கு பாரு."

"அண்ணி, காலைல டாக்டர் பேசினது எனக்குப் புரியல."

"எது?"

"முழுசும்."

அண்ணி முடிச்சை இறுக்கினாள். "சுத்தம் பண்றாங்கன்னு சொன்னே."

"நானாச் சொன்னேன்."

"சீழுன்னியே."

"அதுவும் நானாத்தான்."

"அவங்க என்னமோ கேட்டாங்க. நீ பதில் சொன்னே. ஹண்ட்ரட் பர்சன்ட்னு சொன்னே. எனக்கே அது புரிஞ்சுது."

அவன் தலையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"என்ன கேட்டாங்க?"

"காலை எடுக்கலாமான்னு கேட்டிருக்காங்கன்னு நெனக்கிறேன்."

"யாரு கால?" என்றார் அப்பா கண்ணைத் திறந்து.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவருக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

அண்ணி கயிற்றை விட்டாள். கட்டியது அவிழ்ந்து உறைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஸ்கூலுக்குப் போற பையனா இருக்கப்ப நான் இந்த வீட்டுக்கு வந்தேன்," என்றாள். "எனக்குப் பொய் தெரியும். உன் அண்ணன் சொல்ற பொய், மாமா சொல்ற பொய், எல்லாம் முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். இது மட்டும் தெரியாமப் போச்சு. இங்கிலீஷ்ல சொன்னதால தெரியல."

"அண்ணி, நான் வேணும்னு..."

"பேசாத. போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு."

"வேகமாப் பேசுவாங்க அண்ணி."

"மெதுவாப் பேசச் சொல்லு."

"எப்படி..."

"அதையும் நானா சொல்லிக் குடுக்கணும்?"

தைத்த உறைகளின் குன்றின்மேல் போனை வைத்தாள். மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பா சோற்றை இறக்கி வைக்கச் சொன்னார். யாரும் எழாததால் தானே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

ஆபரேட்டர். பாட்டு. நர்ஸ். துரை டாக்டர் வேண்டும் என்றான். டாக்டர் ஆபரேஷனுக்குப் போகிறார் என்றாள் நர்ஸ்.

"நோ," என்றான் துரை. மரியாதைச் சொல் எதையும் அதோடு சேர்க்கவில்லை. "கால் ஹர். ப்ளீஸ். கால் ஹர் நௌ."

மறுபடி பாட்டு. அண்ணி பாட்டையே உற்றுப் பார்ப்பதுபோல் போனைப் பார்த்தாள். பாட்டு பாதியில் நின்றது. டாக்டரின் குரல் வந்தது.

"டாக்டர், ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்." மூச்சு விட்டான். "இன் த மார்னிங். ஐ செட் யெஸ். பட் ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட். சாரி. மை இங்கிலீஷ்... ஸ்மால் இங்கிலீஷ். ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோ."

இப்படி உடைந்த இங்கிலீஷ் அவன் வாயிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. துரை அதை நிரப்பவில்லை.

டாக்டர் பேசினாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். அவனுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரிந்ததுதான் கொடுமை.

"வலது கால்," என்றான் அண்ணியிடம். "முட்டிக்குக் கீழ. எடுக்கணும்கிறாங்க."

"வேற வழி இல்லையான்னு கேளு."

கேட்டான். "ரத்தத்துல ஏறிடுச்சாம். மருந்து குடுத்துப் பார்த்துட்டாங்களாம். கேக்கலையாம்."

"இன்னும் ஒரு நாள் பார்க்கக் கூடாதா?"

கேட்டான். "பார்த்தா உசுரு தங்காதாம். இன்னிக்கே பண்ணணுமாம்."

அண்ணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள். சுற்றி அவிழ்த்தாள்.

"எந்தக் காலுன்னாங்க?" என்றார் அப்பா.

"வலதுப்பா."

"அவன் சாரத்துல ஏறுறப்ப முதல்ல வைக்கிற கால்," என்றார் அப்பா. பிறகு, "இனி ஏற வேண்டாம்," என்றார்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள் அண்ணி. "அவர்கிட்ட சொன்னாங்களா? கேளு."

துரை கேட்டான். டாக்டர் சொல்லிக்கொண்டே போனாள். அவன் மொழிபெயர்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்றாங்க?"

"சொன்னாங்களாம். விடிகாலைல நினைவு வந்திருக்கு. காய்ச்சல்ல இருந்தாராம், கையெழுத்துப் போட முடியலையாம்."

"அவர் என்ன சொன்னாராம்?"

"அண்ணி..."

"எதையும் விடாத. என்ன சொன்னாராம்?"

"என் தம்பி நல்லா இங்கிலீஷ் பேசுவான், அவன்கிட்ட சொல்லுங்கன்னாராம். அவன் என் பொண்டாட்டிக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லுவான். அவ சரின்னா எனக்கும் சரின்னாராம்."

அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அண்ணி அழவில்லை. அவள் துரையைப் பார்க்கவுமில்லை.

டாக்டர் மறுபடி பேசினாள். மனைவி அங்கே இருக்கிறாளா, அவள் குரலில் கேட்க வேண்டும், எந்த மொழியானாலும் சரி, நீங்கள் எனக்குச் சொல்லுங்கள் என்றாள். இந்தத் தடவை அப்படியே சொல்லுங்கள் என்று முடித்தாள். துரை அதையும் அண்ணிக்குச் சொன்னான்.

அண்ணி போனருகே குனிந்தாள். எதிரில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் பேசினாள்.

"டாக்டரம்மா, நான் அவர் சம்சாரம் பேசுறேன். எடுத்துடுங்க. ஆளை உசுரோட குடுங்க, போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன். அவர் முழிச்சதும் சம்சாரம்தான் சரின்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க. காலைல தம்பி புரியாமச் சரின்னு சொன்னது அவருக்குத் தெரிய வேண்டாம். என்னைக்கும் தெரிய வேண்டாம்." நிமிர்ந்தாள். "சொல்லு."

துரை சொல்ல ஆரம்பித்தான். முதல் பாதிக்குச் சொற்கள் கிடைத்தன. கடைசிப் பகுதிக்கு வந்தபோது நாக்கு நின்றது. அதை விட்டுவிட்டால் அந்த அறையில் கண்டுபிடிக்க ஆளில்லை. அண்ணி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னான். நான் புரியாமல் யெஸ் சொன்னேன், அதை அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்கிறாள் என்று, கோணல்மாணலாக, ஒவ்வொரு சொல்லாக, முழுசாகச் சொன்னான்.

டாக்டர் ஏதோ கேட்டாள்.

"என்ன?" என்றாள் அண்ணி.

"ஏன்னு கேக்கிறாங்க."

அண்ணி சரிந்து கிடந்த உறைகளில் ஒன்றை எடுத்து நீவினாள். மடித்தாள்.

"அவருக்கு இருக்கிறது ஒரு தம்பி. அவர் கோபப்பட வேண்டாம். அதுக்கு நான் இருக்கேன்னு சொல்லு."

துரை அதையும் சொன்னான்.